கரண்ட் போவதற்குள் மூன்று ராஜ்ஜியங்கள்

கரண்ட் போனதும் யுபிஎஸ் பெட்டி "கீங், கீங்" என்று கத்த ஆரம்பிக்கும். கோழிக்குஞ்சை யாரோ மிதித்துவிட்ட மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போய்விட்டதால் கம்ப்யூட்டரை முறையாக அணைக்கக்கூட நேரம் தராமல் கொஞ்சம் கத்திவிட்டு அப்படியே அடங்கிவிடும். இரண்டாயிரங்களின் கடைசி வருஷங்களில், கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில், தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு இந்தச் சத்தத்தோடு ஒரு பேரரசு அழிந்துபோகும். பெரும்பாலும் அது நான் கட்டிய பேரரசாக இருக்கும்.

கம்ப்யூட்டர் எங்களுடையது இல்லை, பெரியப்பா மகன் சேகர் அண்ணனுடையது. புதூர்ப் பக்கத்து ஊரில் ஆடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை கிடைத்ததால் நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். டிப்ளமோ படிப்பதற்காக சேகர் அண்ணன் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். சாமான்களைத் தனித்தனியாக வாங்கி அவரே பூட்டிய பெட்டி அது. ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கரிசல் புழுதி அதற்குள் போய் அடைந்துகொள்ளும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி, சைக்கிள் பம்பால் ஊதிச் சுத்தம் செய்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று தும்மினால்கூட முறைப்பார்.

அதில் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு "ராசா கேம்" என்று பெயர். இருண்டு கிடக்கும் பூமியில் நமக்கு ஓர் ஊர் தருவார்கள். நாம் நகர நகர பூமி வெளுத்துக்கொண்டே வரும். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று ராசாக்களைக் கம்ப்யூட்டரே நடத்தும். நாம் நம் ஆட்களை நகர்த்திவிட்டு "முடிந்தது" என்று அமுக்கினால், அடுத்து அவர்களின் முறை. நூலகம், கோயில், கப்பல் என்று கட்டிக்கொண்டே போய்ப் புள்ளிகளில் ஜெயிக்கலாம். இல்லையென்றால் ஆரம்பத்திலேயே படையெடுத்து மூன்று ராசாக்களின் ஊர்களையும் பிடித்துவிடலாம். நண்பர் ஒருவரிடமிருந்து நகல் எடுத்த சிடி என்பதால் "சேவ்" என்று அமுக்கினால் பெட்டி உறைந்து நின்றுவிடும். ஆகவே ஆடுகிறவர்கள் ஒரே மூச்சில் ஆடி முடிக்க வேண்டும்.

கரண்ட் ஒழுங்காக இருந்த காலத்தில் சேகர் அண்ணன் காலையில் உட்கார்ந்து பொழுது சாயும் வரை ஆடிப் புள்ளிகளில் ஜெயிப்பார். நான் தோட்டமும் சிலையுமாகக் கட்டி அழகு பார்ப்பேன். என் ஊர்களை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமைதான், யாரும் சிரிக்க வேண்டாம். என் அக்கா வேலம்மாளுக்கு இந்த அலங்காரம் ஒன்றும் பிடிக்காது. பிளஸ் டூ முடித்திருந்த அவள் முதல் முறையிலிருந்தே வில்லாட்களையும் குதிரைகளையும் மட்டும் திரட்டுவாள். "மதிலு எழும்பிட்டா பெறகு ஒண்ணும் செய்ய முடியாதுட்டி. இப்பமே போயிரணும்" என்பாள். தினமும் இரண்டு மணிக்குக் கரண்ட் பிடுங்க ஆரம்பித்த பிறகு, அந்த வீட்டில் அவள் ஒருத்தியின் வழிதான் உருப்படியான வழியாக இருந்தது.

எதிரி ஊரை வளைப்பதற்கு அவள் வைத்திருந்த பெயர் "கிடை போடுறது". லீவு விட்டால் அவள் பெரியப்பாவின் ஆடுகளோடுதான் திரிவாள். அறுத்துப்போட்ட நிலத்தில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை மறித்து அடைப்பதற்குத்தான் எங்கள் பக்கம் கிடை என்று பெயர். அடைத்த வேலியில் ஒரு வாசல் இருக்கும், ஆடுகள் எல்லாம் உள்ளே வந்ததும் அந்த வாசலைப் படல் என்கிற தட்டியால் சாத்துவார்கள். அக்கா எதிரி ஊரைச் சுற்றிக் குதிரைகளை நிறுத்தும்போதும் ஒரு பக்கம் வாசல் விடுவாள். "நாலு பக்கமும் அடைச்சா ஆடு மிரண்டு நம்ம மேலதான் பாயும். ஒரு வழி விட்டாத்தான் அது வழியா வரும்" என்பாள்.

சேகர் அண்ணனுக்கு இது எரிச்சலாக இருக்கும். பாலிடெக்னிக்கில் யாராவது கேட்டால் தன் அப்பா விவசாயம் செய்கிறார் என்று மட்டும் சொல்லி, ஆடுகளை மறைக்கிற ஆள் அவர். "ஏட்டி, அது கம்ப்யூட்டரு. ஒன் வெள்ளாட்டங்குட்டி இல்ல" என்பார். அக்கா அடுத்த குதிரையை நகர்த்துவாள்.

அந்த வருஷம் அண்ணனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பெட்டியை விளாத்திகுளத்தில் ஜெராக்ஸ் கடை போடும் நண்பருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். அதே வாரத்தில்தான் அக்காவுக்கு உள்ளூர்க் கல்லூரியில் பி.சி.ஏ. இடம் கிடைத்திருந்தது. வீட்டில் பெட்டி இல்லாமல் அந்தப் படிப்பைப் படிப்பது நீச்சல் குளமே இல்லாத ஊரில் நீச்சல் பழகுகிற கதைதான். இன்னொன்று வாங்கித் தா என்று அப்பாவிடம் கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை. அக்கா நேராக அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, பெட்டி இங்கனயே இருக்கட்டும்."

"எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் ராசா கேம் ஆடவா?"

"படிக்கணும்ணே."

ஆட்டத்திலேயே கஷ்டமான கடைசி லெவலில் அண்ணனே ஒருமுறைகூட ஜெயித்ததில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் கம்ப்யூட்டர் ராசாக்களுக்கு ஆரம்பத்திலேயே ஆள்பலம் அதிகம். "கடைசி லெவல்ல, கரண்ட் போறதுக்குள்ள, மூணு பேரையும் பிடிச்சுக் காட்டு. விட்டுட்டுப் போறேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. அம்மா கிரைண்டர் போட்டால் வோல்டேஜ் இறங்கி, கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப முதலிலிருந்து கிளம்பும். "வீட்டுக்குள்ள ராசாமாரு சண்டை போடுதாவ, எனக்கு மாவாட்டக் கரண்ட் இல்ல" என்பது அம்மா தினமும் பாடுகிற பாட்டு. அன்றைக்கும் அரிசி ஊறிக்கொண்டுதான் இருந்தது. அம்மா முன்னறைக்கு வந்து திரையைப் பார்த்தாள், அக்காவின் முதுகைப் பார்த்தாள், போய் கிரைண்டர் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்து, "ராத்திரிக்கு இட்லி இல்ல. ரசஞ்சோறுதான்" என்றாள். எங்கள் அம்மா யார் பக்கம் என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

சிவப்பு ராசா மதில் கட்டுவதற்கு முன்பே விழுந்தான். நீலத்தின் குதிரைகளை ஆற்றங்கரையில் மடக்கினாள். மஞ்சள் ராசாவிடம் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி தாண்டிவிட்டது. அவன் மலைமேல் ஊர் கட்டி, மதிலும் எழுப்பி, உள்ளே ஆட்களை நிரப்பி வைத்திருந்தான். அக்கா மோதவில்லை. சுற்றிலும் குதிரைகளை நிறுத்தி, கிழக்குப் பக்கம் மட்டும் வாசல் விட்டு, "முடிந்தது" "முடிந்தது" என்று அமுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏறி அடிக்கா!" என்று கத்தினேன். "சும்மா கெட. உள்ள இருக்கவனுக்குப் பசிக்கட்டும்" என்றாள். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மஞ்சள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கிழக்கு வழியே இறங்க ஆரம்பித்தார்கள். வெளியே வந்தவர்களை வில்லாட்கள் வரிசையாக வீழ்த்தினார்கள். அண்ணனின் சிரிப்பு நின்றது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊருக்குள் ஒரே ஒரு காவலன் மிச்சம் இருந்தபோது தலைக்கு மேல் ஃபேன் மெதுவானது.

"கீங், கீங்."

நான் அழுதேவிட்டேன். அக்காவின் கை மட்டும் பதறவில்லை. ஒரு வில்லாளை விட்டுக் காவலனை அடித்தாள், ஒரு குதிரையை உள்ளே ஏற்றினாள். மஞ்சள் கொடி இறங்கி எங்கள் பச்சைக் கொடி ஏறியதை மூன்று பேரும் பார்த்தோம். அடுத்த கணம் திரை கறுத்துவிட்டது. மூன்று ராஜ்ஜியத்தையும் பிடித்தால் ஏதோ ஒரு படம் வரும் என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். அந்தப் படம் வரவில்லை.

"ஜெயிச்சதுன்னு அது சொல்லலயே" என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல். அக்கா என்னை முறைக்கக்கூட இல்லை. அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் எழுந்து யுபிஎஸ் சுவிட்சை அணைத்தார். பிறகு, டவுனுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் வந்தே இராத ஆட்டுக்காரர் பேச்சில் சொன்னார்:

"ஆடு பூராம் கிடைக்குள்ள வந்தாச்சு. பெறகு படலைச் சாத்துனா என்ன, சாத்தாட்டி என்ன."

ஒரே ஒரு பையோடு அவர் சென்னைக்கு ரயில் ஏறினார். போகும்போது சைக்கிள் பம்பை எடுத்து அக்கா கையில் கொடுத்து, "மாசம் ஒரு தடவை மறக்காம ஊது" என்றார். விளாத்திகுளத்து நண்பரிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது. அந்தப் பெட்டியிலேயே அக்கா பி.சி.ஏ. முடித்தாள். எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பிறகு பார்த்துவிட்டேன். ஃபேன் நின்ற பிறகும் கை பதறாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது அந்த யுபிஎஸ் இல்லை, இரண்டு மணிக் கரண்ட்கட் இல்லை, மாவுகூடப் பாக்கெட்டில் வருகிறது. விளையாட்டு, நாம் சொல்லாமலே தன்னைத் தானே சேவ் செய்துகொள்கிறது. போன மாதம் என் மடிக்கணினியில் அதன் புதிய பதிப்பை ஆடினேன். வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு தோட்டம்கூடக் கட்டாமல், ஆரம்பத்திலேயே படையெடுத்து எல்லா ராசாக்களையும் பிடித்தேன். அப்போது அந்தப் படம் வந்தது. தங்க நிறத்தில் கோட்டை வாசல், கொடிகள், "வெற்றி" என்று பெரிய எழுத்து. அதைப் புகைப்படம் எடுத்து, தூத்துக்குடியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அக்காவுக்கு அனுப்பினேன். அன்றைக்கு நாம் பார்க்காமல் விட்ட படம் இதுதான் என்றும் எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"படலைச் சாத்திட்டியாட்டி? சரி, போய்ச் சாப்பிடு."