படத்தின் ஓரத்தில் ஒரு பேர்

மாரிக்கனிக்குச் சொந்த ஊர் பரளச்சி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவைக் கூட்டிப் பெருக்கப் போனவள், அங்கேயே கேமராவைக் கற்றுக்கொண்டு அருப்புக்கோட்டையில் கடை போட்டாள். “பொம்பளப் பிள்ள ஏணியில ஏறியா படம் எடுக்குறது?” என்று கேட்டவர்களிடம், ஏணியில் நின்றபடியே, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது” என்பாள்.

போன வருஷம் நூல் வியாபாரி மாதவனின் மகளுக்கு வளைகாப்பு. படம் எடுக்கப் போனாள். தாத்தா காலத்துப் பெரிய வீடு. கூடத்தின் மேற்குச் சுவரில் உயரத்தில் அரைவட்டமாக ஒரு ஜன்னல். சிவப்பும் நீலமும் பச்சையுமான கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்துப் பூங்கொத்தாகச் செய்திருந்தார்கள். வந்தவர்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாதவனின் மனைவி கனகலட்சுமியிடம் கேட்டாள். “அக்கா, பந்தி முடிஞ்சதும் அந்த ஜன்னல ஒரு படம் எடுத்துக்கிறட்டா? பெருசா போட்டு என் கடையில மாட்டணும்.”

“அதுல என்ன இருக்கு, எடுத்துக்க.”

ஃபிளாஷ் அடித்தால் கண்ணாடி வெளிறிவிடும்; நேர் வெயில் பட்டாலும் அப்படித்தான். விளக்குகளை அணைக்கச் சொன்னாள். ஜன்னலுக்கு நேர் உயரத்தில் ஏணியில் நின்று, வெயில் மேகத்துக்குள் போகும்வரை பொறுத்திருந்து எடுத்தாள். படத்தில் சுவர் இருட்டாகிப் பூங்கொத்து மட்டும் விளக்காக எரிந்தது. ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கடையில் மாட்டினாள். ஓரத்தில் சின்னதாக வெள்ளை எழுத்து: மாரிக்கனி, பரளச்சி.

அதைப் பார்க்க மாதவனே வந்தார்.

“நம்ம வீட்டு ஜன்னலா இது?” என்று வெகுநேரம் நின்றார். “கூடத்துக்கு இதே மாதிரி ஒன்னு போட்டுக் குடு. அந்தப் பேர மட்டும் எடுத்துரு.”

“பேரோடதான் தருவேன் அண்ணாச்சி.”

“எங்க தாத்தா வச்ச ஜன்னலு. வாரவுக போறவுக எல்லாம் என் வீட்டுல பரளச்சின்னு வாசிக்கணுமாக்கும்?”

“ஜன்னல் உங்களோடதுதான். படம் நான் எடுத்தது.”

“எங்க சொந்தத்துல ஒரு விசேஷத்துக்கும் உன்னக் கூப்பிட மாட்டாக, பாத்துக்க.”

“கூப்பிட வேணாம் அண்ணாச்சி. பேர அழிச்சுக் குடுக்க மாட்டேன்.”

சொன்னபடியே ஆயிற்று. பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போனது. லாரி ஓட்டும் கணவன் பாண்டீஸ்வரன், “ஒரு பேருதான, எடுத்தா என்ன?” என்றான்.

“லோடு ஏத்திட்டு ராத்திரி பூரா நீ ஓட்டுற. வேற ஒருத்தன் ஓட்டுனான்னு சொன்னா சும்மா இருப்பியா?”

 கடைக்குப் போய் அந்தப் படத்தைக் கழற்றி, பேரை இன்னும் பெரிதாகப் போட்டுப் புதுப் பிரிண்டாக மாட்டினாள். கல்யாண வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறி மதுரைப் பக்கம் பழைய கட்டடங்களையும் மாதா கோயில்களையும் தேடிப் போனாள். அனுமதி கேட்டுக் கண்ணாடி ஜன்னல்களைப் படம் எடுத்து வந்தாள். கடைச் சுவர் நிறைந்தது. ஒவ்வொன்றிலும் பேரும் ஊரும் இருந்தன.

மழை முடிந்த சமயம் கனகலட்சுமி தனியாகக் கடைக்கு வந்தாள்.

“எங்க ஜன்னல் படம் ஒன்னு வேணும். பேரோட.”

“அண்ணாச்சி என்ன சொல்வாக?”

“கூடத்துல அவுக வேணாம்னா இருக்கட்டும். நான் படுக்குற ரூம்புல என்ன மாட்டணும்னு நான்தான் சொல்லணும்.”

மாட்டிக் கொடுக்க மாரிக்கனியே போனாள். கூடத்தில் இருந்த மாதவன் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் படுக்கையறைச் சுவரில் ஆணி அடிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.