டின்னில் இரண்டு ஓட்டை

எங்கள் வீட்டில் ஃப்ரோசன் சாப்பாட்டுப் பெட்டி எதுவும் விசாரணை இல்லாமல் அடுப்புக்குப் போகாது. பெட்டியின் மேல் போட்டிருப்பதை அண்ணி வாசிப்பாள். உள்ளே இருப்பதை நான் விரலால் தடவிப் பார்ப்பேன். எனக்குக் கண் போய் ஆறு வருடம் ஆகிறது. விரல் இன்னும் ஏமாறவில்லை.

"கறி பப். படத்துல ஆவி பறக்குது. பட்டாணி, கேரட்டு எல்லாம் வெளிய எட்டிப் பாக்குது" என்பாள். நான் ஒன்றைப் பிய்த்துப் பார்ப்பேன். ஒரே ஒரு பட்டாணி இருக்கும். மற்றதெல்லாம் உருளைக்கிழங்கு மாவு. "இறால் உருண்டை" என்பாள். இறால் அந்தப் பக்கம் நடந்து போயிருக்கும், அவ்வளவுதான். பெட்டி அச்சடிப்பவனுக்கு வெட்கம் கிடையாது என்று நான் திட்டுவேன். அண்ணி அடுத்த வரியை வாசிப்பாள். எடை, உப்பு, என்ன இறைச்சி, எந்தத் தேதி வரை என்று ஒன்றையும் விடமாட்டாள்.

அவள் அப்படி ஒரு எழுத்து விடாமல் வாசிப்பதற்குக் காரணம் நான்தான்.

வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். கடையில் டின் சாமான் வாங்கினால் தவுக்கே, அதாவது சீனக் கடைக்காரர், நம் கண் முன்னாலேயே ஆணியால் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் இரண்டு நாள் தாங்காது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அன்றே தின்றாக வேண்டும்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அண்ணி ஊரிலிருந்து கப்பலேறி வந்து மூன்று மாதம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள். மலாய் ஒரு சொல் தெரியாது. அதுவரை ரேஷன் கார்டு என் இடுப்பில்தான் இருந்தது. கடைக்குப் போவதும் தவுக்கேயிடம் மலாயில் வாயாடுவதும் என் ராஜ்யம். ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில், அம்மா கார்டை எடுத்து அண்ணி கையில் கொடுத்தாள்.

"கோயிலுக்கு சவ்வரிசிப் பாயசம் வைக்கணும். டின் பால் ஒண்ணு வாங்கியா. இனிமே கடைகண்ணி எல்லாம் நீயே பாத்துக்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ சும்மா தொணைக்குப் போ" என்றாள்.

அந்தச் 'சும்மா' எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் வாங்கும் பால் டின்னில் பசு மாட்டின் தலை இருக்கும். கடையில் அதற்குப் பக்கத்திலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக வந்த இன்னொரு டின்னும் இருந்தது. அதே உயரம். அதன் மேல் புல்வெளியில் ஒரு கொழுத்த காளை நின்றது. அண்ணி இரண்டையும் பார்த்தாள். இந்த மாடு முழுசாக இருக்கிறது, பாலும் கெட்டியாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, காளையைத் தொட்டுக் காட்டினாள்.

தவுக்கே ஆணியை எடுத்தவர் நின்றார். "இனி டாகிங் லெம்பு" என்றார். இது மாட்டிறைச்சி என்று அர்த்தம். இந்துக்கள் வாங்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நல்ல மனுஷர்.

"என்ன தங்கச்சி சொல்றாரு?" என்று அண்ணி கேட்டாள்.

"ஒரு ஓட்டையா, ரெண்டு ஓட்டையான்னு கேக்குறாரு" என்றேன்.

அண்ணி யோசித்தாள். "ரெண்டு போடச் சொல்லு. நல்லா ஊத்தும்."

நான் தவுக்கேயிடம் இரண்டு விரலைக் காட்டித் தலையாட்டினேன். அவர் இரண்டு அடி அடித்தார். இரண்டிலிருந்தும் எதுவும் வடியவில்லை. கெட்டிப் பால் என்று அண்ணிக்கு ஒரே பெருமை. வழி முழுக்க டின்னைச் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் சவ்வரிசி வெந்துகொண்டிருந்தது. அண்ணி டின்னைக் கவிழ்த்தாள். தட்டினாள். கத்தியால் ஓட்டையைப் பெரிதாக்கி மறுபடி கவிழ்த்தாள். கொழுப்பும் குழம்புமாக ஒரு கட்டி பாயசத்தில் விழுந்தது. அந்த வாடையை வைத்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"நீ கூடத்தானடி இருந்த?" என்று என்னிடம் கேட்டாள்.

"நான் சொன்னேன். அண்ணிதான் கேக்கல" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். மூன்று மாத மருமகளின் பேச்சு அந்த வீட்டில் எடுபடாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லயத்தில் நாய்களுக்குப் பஞ்சமில்லை. அம்மா நினைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்திருக்கும். நினைக்கவில்லை. "சாப்பாட்டக் கொண்டுபோய்க் கொட்டினா காட்டுக்காரனுக்கு வச்சோம்னு போலீஸ்காரன் எம்மவனப் புடிச்சுக்கிட்டுப் போயிருவான். வாங்கினவளே தின்னட்டும்" என்றாள். டின்னையும் பாயசப் பானையையும் பின்வாசலில் வைத்து, அண்ணியை எதிரில் உட்கார வைத்தாள். அண்ணி ஊரில் முட்டைகூடத் தொடாதவள். முதல் வாயை வாந்தி எடுத்தாள். அம்மா தண்ணீர் கொடுத்து, மறுபடி உட்காரச் சொன்னாள். அண்ணன் பால்வெட்டு முடிந்து வந்து, பார்த்துவிட்டு, குளிக்கப் போனான். வெயில் சாயும்வரை அவள் தின்றாள். நான் வாசல்படியில் நின்று பார்த்தேன்.

கார்டு என் இடுப்புக்கு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு அண்ணி என்னிடம் எதற்கும் அர்த்தம் கேட்கவில்லை. ஒரே வருடத்தில் அந்தத் தவுக்கேயிடமே மலாயில் பேரம் பேசினாள். இங்கிலீஷும் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அம்மா போனாள், அண்ணனும் போனான். கட்டியவன் விட்டுப்போன நான் கோலசிலாங்கூரில் அவள் வீட்டில் இருக்கிறேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

போன வாரம் ஒரு பெட்டி வந்தது. மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டு, அப்படியே சூடாக்கித் தின்பது. அண்ணி பிரித்தாள். நான் கையை நீட்டினேன். தரவில்லை.

"சூடு பண்றதுக்கு முன்னாடி தாள்ல ஓட்டை போடணுமாம்" என்றாள்.

"எத்தனைன்னு போட்டிருக்கான்?"

"போடல. ஒரு ஓட்டையா, ரெண்டு ஓட்டையான்னு உன்னத்தான் கேக்கச் சொல்லியிருக்கான்."

அவள் குரலில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. என் கை மேசை மேலேயே இருந்தது.

"ரெண்டு" என்றேன்.

முள்கரண்டி இரண்டு முறை குத்திய சத்தம் கேட்டது. சூடானதும் தட்டை என் முன்னால் வைத்தாள். இறைச்சி வாசம் வந்தது. வழக்கமாக எடை முதல் தேதி வரை வாசிப்பவள், அன்று என்ன இறைச்சி என்று சொல்லவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நான் கேட்கவில்லை. முழுவதையும் தின்றேன்.