நீல வால்

“வந்துட்டீங்களா? உக்காருங்க, உக்காருங்க. ஒண்ணும் பயமில்ல.”

விடிந்தும் விடியாததுமாக, கூண்டுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து வெல்டிங்காரர் பேசிக்கொண்டிருக்கிறார். உள்ளே நரி. சட்டைப்பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் கம்பிச் சந்து வழியாக உருட்டிவிடுகிறார். தூரப் பயணம் போகிற ஜீவன் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்பது அவர் கட்சி.

மனிதர்களிடம் இந்தப் பேச்சு கிடையாது. வீட்டு முன்பக்கம் அவருடைய வெல்டிங் பட்டறை. கேட் செய்யச் சொல்லி வருகிறவரிடம், “அளவைச் சொல்லு, கிளம்பு” என்பதோடு சரி. பின்பக்கம் மனைவியின் கோழிக்கொட்டகை. முப்பத்தொரு கோழி இருந்த இடத்தில் இப்போது இருபத்திரண்டு.

“கட்டிக்கிட்டு வந்து இருபத்தாறு வருசம். என்னை ஒருநாளாவது உக்காருன்னு சொல்லியிருப்பீங்களா?” என்று மனைவி கேட்டால், “நீ என்ன கூண்டுக்குள்ளயா இருக்கே?” என்பார்.

“பின்ன எங்க இருக்கேனாம்?”

கூண்டு அவரே செய்தது. யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன ஜன்னல் கம்பி. கதவைத் தூக்கிப் பிடிக்க சைக்கிள் பிரேக் வயர். உள்ளே ஒரு தகடு, அதன்மேல் மீன் தலை. நரி தகட்டை மிதித்தால் கதவு விழும். எந்த முனையும் அதன் தோலைக் கிழிக்காது. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறார். காசு கொடுத்து வாங்குகிறவன் கேட்டுக்குக்கூட அவ்வளவு ராவியதில்லை.

நரி சிக்கியதும் கூண்டின்மேல் சாக்கைப் போர்த்தி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, ஆற்றுப்பாலம் தாண்டி, செங்கல் சூளை தாண்டி, புதர்க்காட்டில் திறந்துவிட்டு வருவார். ஆறு தடவை ஆயிற்று. அக்கம்பக்கத்தில் ‘நரி டிரைவர்’ என்று பேர் விழுந்துவிட்டது.

ஆறாவது தடவைதான் சந்தேகம் தட்டியது. எங்கேயோ பார்த்த முகம். கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால் நுனியில், கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டைத் தொட்டு வைத்து அனுப்பினார். நான்காம் நாள் காலை, கூண்டுக்குள் நீல வால். மீன் தலையை முடித்துவிட்டு அவருடைய சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க அதைப் பிடிக்கல. அதுதான் உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கு. சாப்பாடு, சவாரி! புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடக்காது.”

கோழிகளை எண்ணியதும் சிரிப்பு நின்றது. இருபத்தொன்று.

“சாயங்காலம் அடைக்கும்போது சரியா இருந்துச்சே. அப்பவே கூண்டுக் கதவு விழுந்த சத்தமும் கேட்டுச்சு. இது உள்ளயே கெடந்துச்சுன்னா, கோழியை எடுத்தது யாரு?”

அவர் நரியைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். தப்புச் செய்யாததை எதற்கு நாடு கடத்த வேண்டும்? அங்கேயே கதவைத் தூக்கிவிட்டார். செய்தது சரியா என்று அடுத்த நிமிடமே தெரியவில்லை.

மத்தியானம் மனைவியின் அண்ணன் வந்து ஒரு பொட்டலத்தை அலமாரியில் வைத்தார். “மாப்ள, கறியில தடவி வெச்சா ஒரே நாள்ல முடிஞ்சுது. நாளைக்குக் காலைல எண்ணிப் பாருங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் நானே வந்து வெக்கிறேன்.” மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. கோழிகளைக் குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவள்.

இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் நரியை விட்டுவிட்டுக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தகரத்துக்கு அடியில், ஒரு ஜாண் பள்ளம். ஊருக்கெல்லாம் கேட் போடுகிறவர் வீட்டில் ஓட்டை. பட்டறையைப் பூட்டினார். கொட்டகையைச் சுற்றி முழ ஆழம் தோண்டி, கம்பி வலையை இறக்கி, அடியை வெளிப்பக்கமாக மடக்கினார். மேலே அடுக்கக் கல் சுமந்து தந்தவள் மனைவிதான். பொழுது சாய்ந்ததும் பழக்க தோஷத்தில் கூண்டிலும் மீன் தலையை வைத்துவிட்டார்.

காலையில் மனைவி இரண்டு தரம் எண்ணினாள். இருபத்தொன்று, அப்படியே. தொட்டிக்குப் பின்னால் வலை வரைக்கும் பறண்டிப் பார்த்துவிட்டு விட்ட தடம். கூண்டுக்குள் ஒரு நரி. வாலில் நீலம் இல்லை.

நீல வால் வெளியே இருந்தது. கூண்டிலிருந்து பத்தடி தள்ளி, முன்னங்கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. ஆளைக் கண்டும் ஓடவில்லை.

“ஜோடியாங்க?” என்றாள் மனைவி, குரலை இறக்கி.

“அப்ப இத்தன நாளா நான் யாரைக் கொண்டுபோய் விட்டேன்? இதையா, அதையா?”

“எதை விட்டிருந்தாலும் அம்புட்டு தூரம் நடந்தே வந்திருக்கு, பாருங்க.”

“வண்டிய எடுக்கட்டா, வேணாமா?”

“என்னைக் கேட்டா?”

சாக்கைப் போர்த்தினார். எடுத்தார். மறுபடி போர்த்தினார். மனைவி உள்ளே போய் அலமாரியிலிருந்த பொட்டலத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். “வண்டிய எடுத்தா முதல்ல இதை அண்ணன்கிட்ட குடுத்துட்டு வாங்க.”

சாக்கை உருவிப் போட்டுவிட்டுக் கதவைத் தூக்கினார். இரண்டும் வேலியோரமாக, அவசரமே இல்லாமல் போயின. கட்டிங் பிளேயரை எடுத்து, பிரேக் வயரை நறுக்கென்று வெட்டி, கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். இனி அது விழாது.

அப்புறம்தான் சட்டைப்பை கனப்பது தெரிந்தது. பயணத்துக்கென்று எடுத்துவந்த முட்டை. அதையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி பக்கம் திரும்பாமல், கையை உள்ளே விட்டுத் தகட்டின்மேல் வைத்தார்.