உண்டியலில் போட்ட தோட்டா

பித்தளையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தால், கை கழுவிய பிறகும் விரலிடுக்கில் ஒரு புளித்த வாசனை நிற்கும். ஒன்பது வயதில் எனக்கு அந்த வாசனைமேல் பைத்தியம்.

திருத்தணியில் அக்கா வீட்டில்தான் வளர்ந்தேன். அக்கா புருஷன், நான் "பாவா" என்று கூப்பிடுபவர், தம் கரும்புக் கொல்லையில் பன்றி விரட்ட லைசென்சோடு ஒரு ரைஃபிள் வைத்திருந்தார். "யானைக்கு இது பத்தாது, கொக்குக்கு இது ஜாஸ்தி, பன்னிக்கும் மானுக்கும் அளவெடுத்துத் தெச்சா மாதிரி" என்று அவர் பெருமையடித்துக்கொள்ளும்போது, என் கண்ணெல்லாம் அதன் தோட்டா மேலேயே இருக்கும்: என் நடுவிரல் நீளம், தோளில் குறுகிக் கழுத்தாகும் பித்தளை உடம்பு, செம்பு மூக்கு. வளையலும் ரிப்பனும் கேட்க வேண்டிய வயதில் நான் அதற்கு ஏங்கினேன், என்ன ஜன்மமோ!

அது யுத்த காலம். தோட்டா கிடைப்பதே குதிரைக்கொம்பு. பம்பு எஞ்சின் மெக்கானிக் காதர் பாய் வந்து ரைஃபிளைப் பிரித்து எண்ணெய் போட்ட ஒரு பகலில், டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பாவாடையில் செருகிக்கொண்டேன். மாலையில் பாவா டப்பாவைத் திறந்தார்.

"வூட்டுக்குள்ள வந்தவன் அவன் ஒருத்தன்தான், வேற யாரு எடுப்பாங்க?"

"அல்லா சத்தியமா நான் எடுக்கலீங்க" என்று பாய் கெஞ்சியது தெருவுக்கே கேட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

பயம் தாங்காமல், கிருத்திகையன்று மலையேறியபோது அதை முருகன் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன். தோட்டா அங்கே கிடைத்தால் பாய் மேலிருந்த பழி தானாகப் போய்விடும், மலைக்கோயிலுக்கே வராத மனுஷனை யார் சந்தேகிப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத்தான் இப்படியெல்லாம் புத்தி போகும்.

உண்டியல் திறந்த நாளில் ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. "பாத்தியா முருகன் சக்திய! பாயையே மலையேத்தி உண்டில போட வெச்சுட்டாரு!" அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

மூன்று பிள்ளைகளோடு அரக்கோணத்துக்குக் குடிபோன அன்று, தெருமுனையில் நின்ற என்னைப் பார்த்து பாய் நின்றார். "வேற எதுனா கையில வெச்சுகினு இல்லியே பாப்பா? அது வெடிக்கிற சாமான்மா. போட்டுட்டதே நல்லது" என்றார், மெல்ல. ரைஃபிளைப் பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் குந்தியிருந்தவள் நான்தானே. தெரிந்துகொண்டே இத்தனை நாளும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கரும்புக் கொல்லை வீட்டு மனைகளாகிவிட்டது. ரைஃபிள் எப்போதோ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. போன மாதம் மகன் என்னைக் காரிலேயே மலைக்குக் கூட்டிப்போய், உண்டியல் முன்னால் நிறுத்தி, "வேண்டிக்கோம்மா" என்றான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுவல்ல. அரக்கோணம் இங்கிருந்து ரயிலில் அரைமணி நேரம்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் போகவில்லை.