ஆளில்லாத் தீவின் முறை

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொண்ட முதியவர்களில் ஒருவர் ஒரு நாட்டின் பிரதமராக இருந்தவர். ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்று கதைக்கும் எங்கள் இலங்கைப் பெண்களிடம் இதைச் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. பிரதமரின் காலுக்கு நீ எண்ணெய் பூசுகிறாயா என்று சிரித்தார்கள். நாடு என்றால் பெரிய நாடு அல்ல. பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் சிறு தீவுகள். அந்த நாட்டுச் சனம் முழுவதையும் இங்கே ஒரு பந்து விளையாட்டு மைதானத்தில் இருத்திவிடலாம்.

அவருடைய ஒரே மகள் கப்பல் பொறியியலாளர் ஒருவரைக் கட்டிக்கொண்டு பலெர்மோவுக்கு வந்தவள். என் வயதுதான். தாய் இறந்த பிறகு தகப்பனை இங்கே கூட்டி வந்தாள். போர்கோ வெக்கியோ என்ற பழைய குடியிருப்பைத் தாண்டி, துறைமுகம் தெரியும் நான்காம் மாடி வீடு. காலையில் மகள் வேலைக்குக் கிளம்பும்போது நான் போவேன், அவள் மாலையில் வந்ததும் திரும்புவேன்.

அவர் பள்ளிக்கூட வாத்தியாரைப் போல நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசுவார். கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்த காலத்து ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. விளங்காததை மகள் இத்தாலிய மொழியில் சொல்லித் தருவாள். அப்படித்தான் அவர் கதை எனக்குத் தெரியவந்தது.

மீன் பிடிப்பவரின் மகன். முதல் வேலை தலைநகரின் வானொலிக் கந்தோரில். தினமும் காலையில் அங்கிருந்து ஒவ்வொரு தீவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தீவில் இருப்பவர் "இருக்கிறோம்" என்று பதில் சொல்வார். பிறகு கடல் எப்படி, யாருக்காவது சுகமில்லையா என்று விசாரிப்பார்கள். பல தீவுகளை அவர் கண்ணால் காணும் முன்பே குரலால் அறிந்திருந்தார். தீவுச் சனமும் அவரை அப்படித்தான் அறிந்திருந்தது. தேர்தலில் நின்றபோது முகம் தெரியாத சனமெல்லாம் அவருடைய குரலுக்கு வாக்குப் போட்டது. இரண்டு முறை பிரதமரானார். பெரிய பெரிய நகரங்களுக்குப் போய்க் கடல் ஏறி வருகிறது என்று பேசினார். கை தட்டினார்கள், நல்ல சாப்பாடு தந்தார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய அரசியலை முடித்தது ஒரு சின்னத் தீவு. அங்கே கிணறுகள் உப்பாகிவிட்டன. கரையோரக் கல்லறைகளை அலை திறக்கத் தொடங்கியது. அவர் எல்லாரையும் படகில் ஏற்றிப் பெரிய தீவுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார். உயிர்கள் தப்பின. ஆனால் அந்தச் சனம் அவரை மன்னிக்கவில்லை, அடுத்த தேர்தலில் தோற்றார். அதன் பிறகு அவர் எதற்கும் நிற்கவில்லை.

பலெர்மோவிலும் அவர் காலை வழக்கம் மாறவில்லை. கோப்பி குடித்துவிட்டு பால்கனியைப் பார்த்தபடி உட்கார்ந்து தீவுகளைக் கூப்பிடுவார். ஒரு பெயர், பிறகு அவர் வாயாலேயே அந்தப் பதில் சொல். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் பெயர் வராது. தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், பிறகு அடுத்த தீவுக்குப் போவார். மறதி என்றுதான் முதலில் நினைத்தேன். அது அந்த ஆளில்லாத் தீவின் முறை என்று மகள்தான் சொன்னாள்.

ஷிரோக்கோ காற்று வீசிய ஒரு காலை. ஆப்பிரிக்காவின் செம்மண் தூசி பால்கனிக் கம்பியெல்லாம் படிந்து, வெளிச்சமே செம்மையாக இருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து சியாகுல்லி ஊர் மாண்டரின் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் தீவுகளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பெயரில்லாத இடம் வந்தது. தலை குனிந்தார்.

நான் "இருக்கிறோம்" என்று அவர் மொழியில் சொன்னேன்.

சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. பக்கத்தில் யாரோ சொன்னது போலத்தான் என் காதில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மொழியில் ஏதோ கேட்டார். அதற்கும் என் வாய் பதில் சொன்னது. நீளமான ஒரு சொல். அதற்கு முன் அதை நான் கேட்டதே இல்லை. அவர் சுருக்கமாக ஒன்று சொன்னார். பிறகு எல்லா நாளும் போல மிச்சத் தீவுகளைக் கூப்பிட்டு முடித்தார். நான் எழும்பிப் போய்க் குசினிச் சுவரில் சாய்ந்து நின்றேன். உரித்த பழம் கையிலேயே இருந்தது. அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், பிசகாமல் வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் மீன் உணவகமொன்றில் சமையல் வேலை. அவரிடம் சொன்னேன்.

"மனுசன் நித்திரையிலை புலம்பினதைக் கேட்டிருப்பாய்," என்றார்.

"அவர் நித்திரை கொள்ளுறதை நான் கண்டதே இல்லை. பகலிலை அவர் கண் மூடுறதில்லை அல்லோ," என்றேன்.

அப்படியென்றால் வேலைக்கு வேறு வீடு பார்ப்போமா என்று கேட்டார்.

மறுநாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நீளச் சொல் என் நாவில் அப்படியே இருந்தது. அதைச் சொல்லிக் காட்டியதும் அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பெரிய தீவில் யாரும் இப்படிச் சொல்வதில்லை, இது அந்தச் சின்னத் தீவுச் சனத்தின் பேச்சு என்றாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்பதாம்.

"அவர் என்ன சொன்னார்?" என்றாள்.

அந்தச் சின்ன ஒலியையும் சொன்னேன்.

"வாறன்," என்றாள் மகள். "வாறன் என்று சொல்லியிருக்கிறார்."

அதற்குப் பிறகு அவர் தீவுகளைக் கூப்பிடவில்லை. நன்றாகச் சாப்பிட்டார். வெள்ளைச் சட்டையும் டையும் எடுத்துத் தரச்சொல்லி, கூட்டத்துக்குப் போகிறவர் போல உடுத்திக்கொண்டு இருந்தார். சில வாரங்கள் கழித்து ஒரு காலை மகள் குளியலறையில் இருந்தபோது நான் உள்ளே போனேன். அவர் நாற்காலியில் இறந்திருந்தார். டை கட்டியிருந்தார். காற்சட்டையின் இரு கால்களையும் முழங்கால் வரை ஒழுங்காகச் சுருட்டி விட்டிருந்தார், படகிலிருந்து தண்ணீருக்குள் இறங்கப் போகிறவர் போல. குளியலறைக் கதவைத் தட்டி மகளைக் கூப்பிட்டேன்.

மகள் உடலை ஊருக்குக் கொண்டுபோனாள். தலைநகரில் அரசாங்க மரியாதையோடு அடக்கம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. ஆனால் அந்தச் சின்னத் தீவின் சனம் விமான நிலையத்துக்கே வந்து அவரைத் தங்களிடம் தரச்சொல்லிக் கேட்டது. படகில் ஏற்றிய நாளில் ஒரு கிழவி, எங்கள் செத்தவர்களோடு யார் இருப்பார்கள் என்று அவரிடம் கேட்டாளாம். நான் வந்து இருக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அரசியல்வாதி அந்த நேரத்துக்குச் சொல்லும் பதில் என்று மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். அந்தத் தீவுச் சனம் மறக்கவில்லை. மகள் சம்மதித்தாள்.

திரும்பி வந்தபின் இதையெல்லாம் குசினியில் இருந்து எனக்குச் சொன்னாள். கடல் வற்றும் நேரம் பார்த்து அந்தத் தீவுக்குப் போனார்களாம். வீடுகள் இல்லை, தேவாலயத்தின் தூண்கள் மட்டும் நின்றன. குழி தோண்டி மூடி, மேலே பவளக் கற்களை அடுக்கிவிட்டுத் தண்ணீர் ஏறுமுன் படகுக்கு ஓடி வந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னார்களாம். அவள் பார்த்தாள்.

"கரையில் யாராவது நின்றார்களா?" என்று கேட்டேன்.

அவள் கோப்பையைக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. "அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன் என்று நீ நினைக்காதே," என்றாள்.

 அடுத்த இரண்டு நாளும் போய் அவருடைய அறையை ஒதுக்கிக் கொடுத்தேன். உடுப்புகளை எங்கள் கோவிலில் ஏழைகளுக்கு என்று ஏற்றுக்கொண்டார்கள். பிறகு வயதான ஒரு இத்தாலியச் சின்யோராவின் வீட்டில் வேலை கிடைத்தது. அந்த வீட்டின் யன்னல்கள் மலைப்பக்கம் பார்த்தவை.