டிறைவர் ஸெய்னுலாப்தீன் மலைக்குப் போன சனி ஞாயிறு

கெலிஓயாவில் பிறந்து கண்டியில் கார் ஓட்டிப் பிழைத்தவர் ஸெய்னுலாப்தீன். முப்பத்தெட்டு வயதில் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி றம்லத்திடமும் சொல்லவில்லை.

அவருடைய வாப்பா கம்பளைக்கும் கண்டிக்கும் இடையே மாட்டு வண்டி ஓட்டியவர். லொறிகள் வந்து அந்தப் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டபோது வாப்பா லொறிகளைச் சபித்தார். மகன் லொறிக்காரர்களோடு போய்ச் சேர்ந்தார். லொறி கழுவினார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார், கடைசியில் ஓட்டவும் பழகி லைசென்ஸ் எடுத்தார். கண்டியில் புடவைக்கடை வைத்திருந்த ஜவாஹிர் முதலாளி புதிதாகக் கார் வாங்கியபோது ஸெய்னுலாப்தீனையே டிறைவராக வைத்துக்கொண்டார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநான்காம் ஆண்டு. அன்றிலிருந்து கெலிஓயாவில் அவருக்கு மரியாதைப் பெயர் 'டிறைவர் நானா'. பள்ளிவாசலில் வயதானவர்கள்கூடத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். படிப்பும் இல்லை, நிலமும் இல்லை; அவரை ஆளாக்கியது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான்.

முதலில் கண்டி வாவிக்கரை விளக்குகளைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிந்தது. பிறகு ஓரத்தில் இருப்பவை மறையத் தொடங்கின. தூரத்தில் இருப்பவை பால் கலந்த தண்ணீரைப் போல வெளுத்தன. முதலாளியோடு சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போன ஒரு நாளில், அவரைக் கடையில் இறக்கிவிட்டு, தனியாக ஒரு கண் டாக்டரிடம் போனார். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். போனது திரும்பாது, மிச்சமும் போய்விடும், முதல் வேலையாகக் கார் ஓட்டுவதை விட்டுவிடு என்றார். ஸெய்னுலாப்தீன் சலாம் சொல்லிவிட்டு வெளியே வந்து, அன்று மாலையே முதலாளியை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ மலையேற்றத்தில் கார் ஓட்டி வந்து கண்டியில் சேர்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினார். இரவுப் பனி இருமலைக் கிளப்புகிறது என்று சொல்லி இரவுப் பயணங்களைத் தட்டிக்கழித்தார். பழகிய பாதைகளில் மட்டும் போனார். வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தார். "ஸெய்னு மாதிரி கவனமான டிறைவர் கண்டியிலயே இல்ல" என்று முதலாளி போகிற இடமெல்லாம் சொன்னார்.

முப்பத்துமூன்றாம் ஆண்டு சித்திரை மாதம் கண்டியில் வெயில் தாங்க முடியவில்லை. முதலாளிக்குத் தெரிந்த ஒரு துரை, தேயிலை விலை விழுந்ததும் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போயிருந்தார். கலஹாவுக்கும் மேலே, அந்தத் தோட்டத்துக் குளக்கரையில் துரை கட்டியிருந்த மரவீடு சும்மா கிடந்தது. சனி ஞாயிறு அங்கே போய்க் குளிர்ந்துவிட்டு வரலாம் என்று முதலாளி முடிவு செய்தார். அவருடைய மனைவி கைரியாவும் ஆறு வயது மகள் ஆஸியாவும் வந்தார்கள். சமைப்பதற்கு றம்லத்தையும் கூட்டிவரச் சொன்னார் கைரியா. றம்லத் தன் மகள் பாயிஸாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

புருஷன் ஓட்டுகிற காரில் றம்லத் ஏறியது அதுதான் முதல் தடவை. முன் ஆசனத்தில் சட்டி பானைகளை மடியில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். கலஹாவைத் தாண்டியதும் பாதை ஒடுங்கியது. ஒரு பக்கம் மண்சுவர், மறு பக்கம் தேயிலைச் சரிவு. கார் ஒன்று போனால் ஆள் ஒதுங்க இடமில்லை. ஒரு திருப்பத்தில் தலையில் விறகுக் கட்டோடு ஒரு தோட்டத்துப் பெண் இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தாள். கார் விலகவில்லை. அந்தப் பெண் விறகைக் கீழே போட்டுவிட்டு மண்சுவரோடு ஒட்டிக்கொண்டாள். றம்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. கார் ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

மரவீடு குளத்தின் விளிம்பிலேயே இருந்தது. துரை போன பிறகும் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்த கறுப்பையா என்ற தோட்டத்துக்காரர் கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தார். முதலாளி சாய்மனைக் கதிரையை வெளியே இழுத்துப் போட்டுப் படுத்தார். கைரியாவும் ஆஸியாவும் தண்ணீரில் கால் நனைத்தார்கள். கறுப்பையா தூண்டில் போட்டுப் பிடித்துக் கொடுத்த மீனை றம்லத் ஆணமாக்கிச் சோற்றோடு பரிமாறினாள். அசர் தொழுகைக்குப் பிறகு வேலை ஓய்ந்தபோது அவளும் கரையில் போய் உட்கார்ந்தாள். கலியாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஒரு மாலைப்பொழுது முழுக்க அவள் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை. மலையின் நிழல் தண்ணீரில் நீண்டு வந்தது. பாயிஸாவையும் கூட்டி வந்திருக்கலாமே என்று தோன்றியது.

"நல்ல எடம், என்ன?" என்றாள் புருஷனிடம்.

"நல்ல எடம்தான் புள்ள" என்றார் அவர், தண்ணீரின் பக்கம் பார்த்தபடி.

ஞாயிறு காலை எல்லோரும் மலையுச்சிக்கு நடந்தார்கள். கறுப்பையா முன்னால் வழிகாட்டினார். ஸெய்னுலாப்தீன் இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளியின் சிநேகிதர்களோடு அங்கே ஏறியிருந்தார். அன்று உச்சியிலிருந்து பார்த்தபோது மகாவலி வளைந்து போவதும், அதற்கப்பால் பல்லேகலப் பக்கத்து வெளிகளும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. அதைப் பல தடவை வீட்டில் சொல்லியிருந்தார்.

இந்தத் தடவை அவர் பின்தங்கிப் போனார். வேர்களில் கால் தடுக்கியது. சப்பாத்து வழுக்குகிறது என்றார். மற்றவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் இன்னும் கீழே இருந்தார்.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி அடைத்துக் கிடந்தது.

"இன்னைக்கி ஒன்னும் தெரியாதுங்கய்யா. பள்ளம் பூரா பனி மூடிக்கிருச்சு" என்றார் கறுப்பையா.

முதலாளி சலித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து ஸெய்னுலாப்தீன் மூச்சு வாங்க ஏறி வந்தார். எல்லோரும் பள்ளத்தின் பக்கம் திரும்பி நிற்பதைக் கண்டு அவரும் பக்கத்தில் வந்து நின்றார்.

"பார்த்தீங்களா முதலாளி," என்றார் உற்சாகமாக. "நான் சொன்னேனே! அந்தா மகாவலி வளைஞ்சி போகுது. அங்கால பல்லேகல. என்ன வடிவு!"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். கைரியாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் சலிப்பைப் போக்க டிறைவர் பகிடி விடுகிறார் என்றுதான் முதலாளி எடுத்துக்கொண்டார். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று ஸெய்னுலாப்தீனுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தார்.

றம்லத் சிரிக்கவில்லை. புருஷன் பகிடி விடுகிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். முதல் நாள் பாதையில் மண்சுவரோடு ஒட்டிக்கொண்ட அந்தப் பெண்ணின் முகம் அவள் கண்முன் வந்தது.

பகல் சாப்பாடு முடிந்து முதலாளி குடும்பம் சற்றுக் கண்ணயர்ந்தது. ஸெய்னுலாப்தீன் குளத்தில் வாளி வாளியாக மொண்டு கார் கழுவிக்கொண்டிருந்தார். றம்லத் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"பாயிஸாட வாப்பா, மலைக்கு மேல என்னத்த பார்த்தீங்க?"

"ஏன், எல்லாரும் பார்த்ததத்தான்."

"எல்லாரும் ஒண்டும் பார்க்கல்ல. அங்க பனிதான் ஈந்திச்சி. முழுக்கப் பனி."

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு கையால் துழாவிக் காரின் மிதிபலகையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"எப்பேந்து?" என்று கேட்டாள்.

"ஒண்டரை வருஷம் ஈக்கும்."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"காட்டின. ஒண்டும் செய்ய ஏலாதாம்."

"அப்ப நேத்து எங்கள எப்பிடிக் கொண்டு வந்தீங்க?"

"பாதை எனக்கு மனப்பாடம் புள்ள. கிட்ட ஈக்கிறது தெரியும். காதும் கேக்கும்."

"அப்ப அந்த வெறகுக்காரி?"

"எந்த வெறகுக்காரி?" என்று கேட்டார் ஸெய்னுலாப்தீன்.

முதலாளியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று றம்லத் கெஞ்சினாள். அவர் மறுத்தார். இன்று கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த மாதம் சொல்கிறேன் என்றார். கடைசியில் கோபம் வந்தது.

"சொன்னா நான் ஆரு? சொல்லு! நாளைக்கு நான் ஆரு?"

அவள் உள்ளே போய்ச் சட்டி பானைகளைக் கட்டினாள். புறப்படும் நேரம் வந்தது. முதலாளி தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆஸியா ஓடிப்போய்ப் பின் ஆசனத்தில் ஏறி, தூங்குகிறவள் போலப் பாசாங்கு செய்தாள். ஸெய்னுலாப்தீன் கதவைத் திறந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். அதுவரை என்ன செய்வதென்று றம்லத் முடிவு செய்திருக்கவில்லை. பிள்ளையின் தலை ஆசனத்தில் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் கைரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, புள்ளய எறக்குங்க. அவருக்குக் கண் தெரியாது."

முதலாளி முதலில் நம்பவில்லை. காருக்கு முன்னால் பத்தடி தூரத்தில் போய் நின்று, "ஸெய்னு, என்ட கையில என்ன ஈக்கி?" என்று கேட்டார். தொப்பியை உயர்த்திப் பிடித்திருந்தார். ஸெய்னுலாப்தீன் நெடுநேரம் பார்த்தார். பிறகு சாவியைக் கழற்றி ஆசனத்தின் மேல் வைத்துவிட்டு இறங்கினார்.

"என்ட புள்ள இதுக்குள்ள ஈந்திச்சே ஸெய்னு," என்றார் முதலாளி.

காரை அங்கேயே விட்டுவிட்டுக் கலஹா வரைக்கும் நடந்தார்கள். கறுப்பையா ஆஸியாவைத் தோளில் தூக்கிக்கொண்டார். றம்லத் சாமான் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் புருஷனின் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். சற்றுத் தூரம் தனியாக நடந்து பாதையோரத் தண்ணீர்க் கானில் விழுந்தார். அவள் தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு உதறவில்லை. கலஹாவில் பஸ் பிடித்தபோது, பஸ் டிறைவருக்குப் பின்னால் இருந்த ஆசனத்தில் அவரை உட்கார வைத்தார்கள். பேராதனை வரைக்கும் அவர் தலையை நிமிர்த்தவேயில்லை.

முதலாளி கெட்டவர் அல்ல. கடையில் புடவை மடிக்கிற வேலை கொடுத்தார். நிறம் பிரிக்க முடியாமல் போனதும் அதுவும் நின்றது. மறுவருஷம் பகலும் இரவும் அவருக்கு ஒன்றாயின. றம்லத் இடியப்பம் அவித்து விற்றாள். பாயிஸாவுக்கு அக்குறணையிலிருந்து பேசி வந்த சம்பந்தம், வாப்பாவின் குருடு பிள்ளைகளுக்கும் வரும் என்று யாரோ சொல்லிவைத்ததால் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. பள்ளிவாசலில் இப்போதும் அவருக்கு இடம் விட்டார்கள். 'டிறைவர் நானா' என்று மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

அவர் றம்லத்தை ஏசவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் படுக்கப் போகும்போதும் ஒரே பேச்சுத்தான்: "அண்டைக்கு நான் கார பத்திரமாக் கீழ எறக்கியிருப்பன் புள்ள. ஒண்டும் நடந்திருக்காது." றம்லத் வாயே திறக்கமாட்டாள். அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் அவளை அறுத்தது. அன்று யாரும் விழவில்லை, யாரும் சாகவில்லை. அவள் காப்பாற்றினாளா, கெடுத்தாளா என்று காட்டித்தர எதுவும் இல்லை.

முப்பத்தேழாம் ஆண்டு, மழை பெய்த ஒரு மத்தியானம், அவர் மறுபடியும் அதையே சொன்னார். றம்லத் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் களைப்பாக இருந்தது.

"ஓ," என்றாள். "எறக்கியிருப்பீங்க."

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அதில் நம்பிக்கை இல்லை, சமாதானத்துக்குச் சொன்னது என்று விளங்கியிருக்க வேண்டும். கை கழுவிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி அறைக்குள் போனார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. வேறு பேச்சும் அதிகம் பேசவில்லை.