சிவப்புக் கோடு

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் புக்கக்கா. பெட்பேன் கழுவப் போகும்போதும் கக்கத்தில் மருந்தியல் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு போனால் வேறென்ன பெயர் வரும்? பிரசவ வார்டில் ஆயா வேலை. முழங்கால் இரண்டும் கெஞ்சத் தொடங்கிவிட்டன. மருந்து கவுண்ட்டரில் உதவியாளராகிவிட்டால் உட்கார்ந்து பிழைக்கலாம். அதற்கொரு எழுத்துத் தேர்வு. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த ஆண்டோடு வயது வரம்பும் முடிகிறது.

கவுண்ட்டர்காரர் தன் பழைய புத்தகத்தைச் சும்மாவே கொடுத்திருந்தார். பக்கத்துக்கு நாலைந்து வரிகளுக்குச் சிவப்புக் கோடு. தேறியவர் போட்ட கோடு, அதைப் பிடித்துக்கொண்டே கரையேறிவிடலாம் என்று நம்பினாள். மற்ற வரிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சத்தமாகப் படித்தாள், ஏறவில்லை. எழுதிப் பார்த்தாள், கை வலித்ததுதான் மிச்சம். நர்ஸம்மா சொன்னபடி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, படித்ததைச் சொந்த வார்த்தையில் கணவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பெயின்ட் டப்பா மேல எழுதியிருக்கறதே இதைவிடத் தேவலாம் போலிருக்கே," என்றார் அவர். வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர்.

"நீங்க தலையாட்டினா போதும். கேள்வி கேக்காதீங்க."

தன் மண்டையில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, புரியாமலே மனப்பாடம் செய்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை நன்றி சொல்லக் கவுண்ட்டருக்குப் போனாள்.

"அண்ணே, உங்க சிவப்புக் கோடு இல்லேன்னா நான் திக்குத் தெரியாம நின்னிருப்பேன். ஒண்ணு விடாம ஒப்பிச்சிடுவேன்."

"கோடு போட்டதை மட்டுமா படிச்சே?" அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். "அதெல்லாம் எனக்குப் புரியாத இடம்மா. யார்கிட்டயாவது கேக்கலாம்னு போட்டு வச்சேன்."

"கேட்டீங்களா?"

"எங்கே. நான் பரீட்சையே எழுதலை. அப்பா வேலையில இருக்கும்போதே போயிட்டாரு, அந்த இடத்தை எனக்குக் குடுத்துட்டாங்க."

அவள் சிரித்தாள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் முதல் பக்கத்தைத் திறந்து கோடில்லாத வரிகளைப் படித்தாள். விழுங்கிய மருந்து ரத்தத்துக்கு எப்படிப் போகிறது என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தது. அடுத்த சிவப்புக் கோட்டுக்கு வந்தபோது, மாதக்கணக்கில் முட்டி மோதிய வரி தானாகவே விளங்கிற்று. இறங்கும் இடம் வருவதற்குள் ஏழு பக்கம் ஆனது. புத்தகம் அறுநூறு பக்கத்துக்கு மேல். விடிந்தால் தேர்வு.

வீட்டில் கணவர் கையிலிருந்த பெயின்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? இன்னுமா புரியலை?"

"புரியுதுங்க." புத்தகத்தை மடியில் போட்டு, முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். "படிக்கப் படிக்க எல்லாமே புரியுது."

"அப்புறமென்ன," என்றபடி அவர் வேறொரு துணியைத் தேடிப் போனார்.